ஓய்வு பெற்ற பிறகு படித்த ‘யுலிசிஸ்’

ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் ‘யுலிசிஸ்’ கவிதையை எழுதியபோது அவருக்கு 24 வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா இறந்ததையொட்டிப் பட்டம் வாங்காமலே கேம்பிரிட்ஜிலிருந்து வந்துவிட்டவர். லிங்கன்ஷயரில் சோமர்ஸ்பி என்ற சின்ன கிராமத்தில், பெரிய குடும்பத்தோடு இருந்தார். அப்படிப்பட்ட ஒரு இளைஞர்தான் தலை நரைத்த ராஜா ஒருவர் வீட்டில் உட்காரப் பிடிக்காமல் திரும்பவும் கடலுக்குக் கிளம்புவதாக எழுதினார். முதுமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆங்கில உலகம் இன்றைக்கும் அந்தக் கவிதையைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில முதுகலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். புதிய பாடத்திட்டம் வந்தபோது பிளஸ் டூ ஆங்கிலப் பாடநூலில் இந்தக் கவிதையும் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அது ‘ஈ.ஆர்.சி.’ (இடம் சுட்டிப் பொருள் விளக்குக) கேள்விக்கு நாலு வரி, ‘ஃபிகர் ஆஃப் ஸ்பீச்’ கேள்விக்கு ரெண்டு வரி, அவ்வளவுதான். முயல், தேடு, கண்டடை, பணியாதே என்று முடியும் கடைசி வரியை மட்டும் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆண்டு விழா பேச்சுப் போட்டியில் யாராவது ஒருத்தர் அதைக் கட்டாயம் கொண்டு வந்துவிடுவார்கள்.

வகுப்பில் இந்தக் கவிதையை எடுக்கும்போதெல்லாம் பெண்பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மிஸ், அவர் பொண்டாட்டிய விட்டுட்டா போறாரு?” கவிதையின் மூன்றாவது வரியிலேயே, வயதான மனைவியோடு கிடக்கிறேன் என்று சலித்துக்கொள்கிறார் யுலிசிஸ். கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில் அந்த மனைவி பெனலோப்பி அவருக்காகக் காத்திருந்தது இருபது வருடம். ட்ராய் போர் பத்து வருடம், திரும்பி வருவதற்குப் பத்து வருடம். அதில் ஏழு வருடம் கலிப்ஸோ என்ற தேவதையின் தீவில் போனது. இவ்வளவுக்கும் சேர்த்து அந்த அம்மாவுக்கு இந்தக் கவிதையில் கிடைப்பது ஒரு அரை வரி. அதற்கப்புறம் அவர் பேச்சே இல்லை. பிள்ளைகளின் கோபம் நியாயமானது. நான் அதை மறுத்துப் பேசியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கவிதையின் பக்கம் திரும்பிப் போவேன் என்று நினைக்கவில்லை. “இனிமே என்ன டீச்சர், நிம்மதியா ரெஸ்ட் எடுங்க” என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நிம்மதியாகத்தான் இருந்தது, கொஞ்ச நாள். அப்புறம் மின்கட்டணம் கட்டுவது, பேரனைப் பள்ளி வேனில் ஏற்றுவது, தண்ணீர் கேன் போடுகிற பையனுக்காகக் காத்திருப்பது என்று நாள் பொழுது சின்னச் சின்னத் துண்டுகளாக உடைந்து போனது. காலை ஒன்பதரைக்குப் பள்ளி மணி அடிக்கும் சத்தம் எங்கள் தெருவரை கேட்கும். அந்த நேரத்தில் கை தானாக எதையாவது தேடும். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது, பென்ஷன் வந்தது, வீட்டில் யாரும் ஒரு குறை வைக்கவில்லை. ஆனாலும் ஒரு பசி இருந்தது. அதை வீட்டில் சொன்னால், “இன்னும் என்னதான் வேணும் உனக்கு?” என்பார் என் வீட்டுக்காரர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கே பதில் தெரியவில்லையே.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பத்திரிகை படிக்க வருகிற ஓய்வூதியக்காரர்கள் சிலரோடு பேசிப் பேசி, வாரம் ஒருநாள் ஏதாவது ஒன்றை உரக்கப் படித்துப் பேசலாம் என்று முடிவானது. தமிழாசிரியராக இருந்த ஐயா ஒருவர், அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்த சிஸ்டர் ஒருவர், கும்பகோணம்–சென்னை இரவு வண்டி ஓட்டிய டிரைவர் அண்ணன் ஒருவர், இன்னும் இரண்டு மூன்று பேர். ஐயா சங்கப்பாட்டில் தொடங்கினார். என் முறை வந்தபோது ‘யுலிசிஸ்’ எடுத்துக்கொண்டு போனேன். பாடப்புத்தகத்தில் படித்தது வேறு, அந்த மேசையில் படித்தது வேறு. அந்த அனுபவத்தில் உருப்படியாகக் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் படிக்கும் முறை. 70 வரிதான், உரக்கப் படித்தால் ஐந்தாறு நிமிடம். ஆனால் நிறுத்தி நிறுத்திப் பொருள் சொல்லாமல் ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும். வரி முடிகிற இடத்தில் வாக்கியம் முடியாது. அடுத்த வரிக்குள் வழிந்து போய் நடுவில் எங்கேயோ நிற்கும். எதுகை கிடையாது. காதில் கேட்டால்தான் அந்த ஓட்டம் பிடிபடும். அனுபவம் எல்லாம் ஒரு வளைவு வாசல், அதன் வழியே போகாத உலகம் மினுங்குகிறது, நான் நகர நகர அதன் விளிம்பு விலகிக்கொண்டே போகிறது என்று ஒரு இடம் வரும். அந்த மூன்று வரியைப் படித்து முடிக்க ஹோமரின் இலியட் காவியத்தில் ஒரு காண்டத்துக்கு ஆகிற நேரம் ஆகிறது என்று விமர்சகர் மாத்யூ அர்னால்ட் கிண்டலாக எழுதினார். கிண்டலாக இருந்தாலும் கவனித்தது சரி. அவ்வளவு மெதுவாகத்தான் அதைச் சொல்ல முடியும். வயதானவர்கள் படித்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. மூச்சு வாங்குவதற்கு நிறுத்துகிற இடங்கள் அந்தக் கவிதைக்குப் பொருத்தமாகவே விழுகின்றன.

அடுத்தது, யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். கடைசி வரியை மட்டும் கையில் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. முதல் 32 வரி தனக்குத்தானே பேசுவது போலத்தான் இருக்கிறது: அணைந்த அடுப்பு, வறண்ட பாறைகள், சேர்த்துவைத்து, தூங்கி, தின்று, என்னை அறியாத ஜனங்கள், பார்த்த ஊர்கள், போட்ட சண்டைகள். அடுத்த 11 வரியில் மகன் டெலிமாக்கஸை நமக்குக் காட்டி, செங்கோலையும் தீவையும் அவனிடம் விடுகிறார். மீதி 27 வரியில் துறைமுகத்தைக் காட்டி, மாலுமிகளைப் பார்த்துப் பேசுகிறார். புலம்பல், ஒப்படைப்பு, கூட்டாளிகள். இந்த வரிசைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒப்படைக்காமல் அவர் துறைமுகத்துக்கு வரவில்லை.

ஓய்வு பெறுகிறவர்கள் இந்த 11 வரியைத் தனியாகப் படிக்க வேண்டும். மகனைப் பற்றி யுலிசிஸ் சொல்வதெல்லாம் பாராட்டுதான். நிதானமானவன், முரட்டு ஜனங்களை மெல்ல மெல்லப் பழக்கிவிடுவான், கடமையில் குறை வைக்கமாட்டான், வீட்டுத் தெய்வங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வான். ஆனால் அந்தப் பாராட்டில் ஒரு லேசான இளப்பமும் இருக்கிறது. “நல்ல பையன், பொறுமைசாலி, ஆபீஸ் வேலைக்கு ஏத்த ஆள்” என்று ஓய்வு பெறும் அதிகாரி அடுத்து வருகிறவரைப் பற்றிச் சொல்வதைக் கேட்டவர்களுக்கு அந்தத் தொனி புரியும். யுலிசிஸ் அப்படித்தான் பேசுகிறார். இருந்தாலும் கடைசியில், அவன் வேலை அவனுக்கு, என் வேலை எனக்கு என்று முடித்துவிடுகிறார். அப்புறம் மகனைப் பற்றி ஒரு சொல் இல்லை. கரையில் நின்று “அந்தச் சட்டத்தை மாத்தாதே”, “அந்த மந்திரியை நம்பாதே” என்றெல்லாம் சொல்லவில்லை.

நான் செய்தது இதுதான். என் இடத்துக்கு வந்த ஆசிரியைக்குப் பழைய வினாத்தாள்கள், பாடக் குறிப்புகள், எந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்று எழுதி வைத்திருந்த நோட்டு எல்லாவற்றையும் கொடுத்தேன். என் கைப்பேசி எண்ணையும் கொடுத்து, “வேணும்னா நீ கூப்பிடு, நான் கூப்பிடமாட்டேன்” என்றேன். பொதுத்தேர்வு முடிவு வந்த அன்று கை துறுதுறுத்தது. கூப்பிடவில்லை. சாயங்காலம் அந்தப் பெண்ணே கூப்பிட்டது. பள்ளிக்கு வாரம் ஒருமுறை போய் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து வருகிற ஓய்வு பெற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே இருப்பவர்கள் மரியாதையாக டீ வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் நாற்காலி ஒன்று குறையும், பேச்சும் குறைந்துவிடும்.

இனி அந்தப் பசிக்கு வருகிறேன். துருப்பிடித்துக் கிடப்பது, புழக்கத்தில் பளபளக்காமல் போவது எவ்வளவு சலிப்பு என்று யுலிசிஸ் சொல்கிற வரியைத் தமிழில் சொன்னபோது டிரைவர் அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். “ஓடுற வண்டிய விட டிப்போல நிக்கிற வண்டிதான் டீச்சர் சீக்கிரம் கெட்டுப் போகும். பேட்டரி இறங்கிடும், டயர் ஒரே பக்கம் அமுங்கிடும், எலி வந்து வயரைக் கடிக்கும்.” அவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். அவர் ஓய்வு பெற்ற வருடமே அவர் மனைவி இறந்துவிட்டார் என்பது எங்களில் பாதிப் பேருக்கு அன்றுவரை தெரியாது.

அந்தக் கவிதை எப்போது எழுதப்பட்டது என்று நான் சொன்னதும்தான் அவர் மனைவி இறந்ததைச் சொன்னார். ஆர்தர் ஹாலம் என்பவர் டென்னிசனுக்குக் கேம்பிரிட்ஜில் கிடைத்த உயிர் நண்பர்; டென்னிசனின் தங்கை எமிலிக்கு நிச்சயிக்கப்பட்டவர். அப்பாவோடு ஐரோப்பியப் பயணம் போனவர், 1833 செப்டம்பர் 15 அன்று வியன்னாவில் மூளையில் ரத்தக் கசிவால் திடீரென்று இறந்துபோனார். வயது 22. செய்தி சோமர்ஸ்பிக்கு வந்து சேர்ந்தது அக்டோபர் தொடக்கத்தில். ‘யுலிசிஸ்’ கையெழுத்துப் பிரதியில் உள்ள தேதி அக்டோபர் 20. எல்லாம் போய்விட்டது என்ற உணர்வோடு, ஆனாலும் வாழ்க்கையை முடிவுவரை போராடித்தான் ஆக வேண்டும் என்று நினைத்து எழுதியது அது என்று பிற்காலத்தில் டென்னிசனே சொல்லியிருக்கிறார். ஹாலமுக்காக அவர் எழுதிய நீண்ட கவிதை 1850-இல்தான் வெளிவந்தது, பதினேழு வருடம் ஆயிற்று. ‘யுலிசிஸ்’ மூன்று வாரத்துக்குள் வந்துவிட்டது.

டிரைவர் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அதான் இந்த ஆளு நிறுத்தாம பேசிக்கிட்டே இருக்கார்” என்றார். மனைவி போன பிறகு ராத்திரி பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தான் ஓட்டிய அந்த வண்டி கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் நின்றுவிட்டு வருவாராம். கண்டக்டர் பையன், “வாங்கண்ணே, சும்மா ஏறி வாங்க” என்பானாம். ஒருநாள் ஏறிவிட்டார். விழுப்புரம்வரை போய், அதிகாலையில் திரும்பி வந்தார். எதற்குப் போனோம் என்று அவருக்கே தெரியாது. இந்தக் கதையை அவர் சொல்லி முடித்த பிறகு அந்தக் கவிதையை வீரப் பேச்சாகப் படிக்க எங்களால் முடியவில்லை. முயல், தேடு என்பதற்கு முந்தின வரியில், காலமும் விதியும் பலவீனமாக்கிவிட்டன என்றுதான் யுலிசிஸ் சொல்கிறார். பேச்சுப் போட்டியில் யாரும் அந்த வரியிலிருந்து தொடங்குவதில்லை.

ஓய்வு பெற்ற ஒருவர் சும்மா இருக்க முடியாமல் அலைவதைப் பார்த்தால், அது வேலைப் பைத்தியமா இழப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அன்று சிஸ்டர் சொன்னார். ரொம்பச் சரி. இரண்டுக்கும் மருந்து வேறு. டிரைவர் அண்ணனுக்குப் பகுதிநேர வேலை பார்த்துக் கொடுக்கலாம் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அப்போது தேவையாக இருந்தது மனைவியைப் பற்றிப் பேச ஒரு இடம்.

சிஸ்டருக்கு வேறொரு வரி சுருக்கென்று தைத்தது. மூச்சு விடுவதுதான் வாழ்வு என்பதுபோல, என்று ஒரு அரை வரியில் கேலி செய்கிறார் யுலிசிஸ். “இந்த ஆளு ஐ.சி.யூ.வப் பாத்ததில்ல” என்றார் சிஸ்டர். மூச்சுக்காகத் தவிக்கிறவர்கள் பக்கத்தில் பல இரவு நின்றவர் அவர். அந்த நேரத்தில் மூச்சுதான் வாழ்க்கை, அதற்கு மேல் எதுவும் கிடையாது என்பது அவர் கட்சி. ஐயா சமாதானம் சொல்லப் பார்த்தார், சிஸ்டர் விடவில்லை. எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. டென்னிசனுக்கே இந்தப் பக்கமும் தெரியும். அதே 1833-இல் இதற்கு ஜோடியாக ‘தித்தோனஸ்’ என்ற இன்னொரு கவிதையைத் தொடங்கி, வெகுகாலம் கழித்துத் திருத்தி 1860-இல் வெளியிட்டார். கிரேக்கக் கதையில் தித்தோனஸுக்குச் சாகாவரம் கிடைக்கிறது, இளமை கிடைக்கவில்லை. மூத்து மூத்துச் சுருங்கிப்போய், என்னைப் போகவிடு என்று கெஞ்சுகிறான். ஒரே துக்கத்திலிருந்து ஒரு கிழவர் இன்னும் வேண்டும் என்கிறார், இன்னொரு கிழவன் போதும் என்கிறான். ‘யுலிசிஸ்’ படிப்பவர்கள் ‘தித்தோனஸ்’ஸையும் படிப்பது நல்லது. அதுவும் நோயாளிகள் இருக்கிற வீட்டில் முதல் கவிதையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் உற்சாகமூட்டாதீர்கள்.

ஐயா தன் பங்குக்குப் புறநானூற்றின் 243-ஆம் பாட்டைச் சொன்னார். ‘தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி, நடுக்குற்று, இரும் இடை மிடைந்த சில சொல் பெரு மூதாளரேம்’ என்று ஒரு கிழவர் பேசுகிற பாட்டு. இருமலுக்கு நடுவே சில சொல். மருதமரக் கிளையிலிருந்து மடுவில் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டிய இளமை இப்போது எங்கே போனது என்று கேட்கிறார். அவர் திரும்பிப் பார்க்கிறார், யுலிசிஸ் முன்னால் பார்க்கிறார். எங்கள் மேசையில் ஓட்டெடுப்பு வைத்திருந்தால் நம்ம ஊர்க் கிழவர்தான் ஜெயித்திருப்பார், அந்த இருமலுக்காகவே.

கடலைப் பற்றி டிரைவர் அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்ட வேண்டி வந்தது. “ஹோமர் கதைல இவர்கூடப் போனவங்க எல்லாரும் செத்துட்டாங்கன்னீங்க. அப்ப இவர் யாரைக் கூப்பிடறார்?” யுலிசிஸுக்கு ஹோமரில் பெயர் ஒடிசியஸ்; அவர் பன்னிரண்டு கப்பலோடு கிளம்பி, தனி ஆளாகத்தான் ஊர் திரும்புகிறார். மாலுமி ஒருவரும் மிச்சமில்லை. இந்த மாலுமிகள் டென்னிசனுக்கு இத்தாலியக் கவி தாந்தேயிடமிருந்து வந்தவர்கள். நரகத்தைப் பற்றி அவர் எழுதிய ‘இன்ஃபெர்னோ’வின் 26-ஆம் காண்டத்தில் யுலிசிஸ் நெருப்புச் சுடருக்குள் நின்று தன் கடைசிப் பயணத்தைச் சொல்கிறார். அதில் அவர் வீட்டுக்கே திரும்புவதில்லை. மகன்மேல் பாசம், வயதான அப்பாமேல் பக்தி, பெனலோப்பிக்குத் தர வேண்டிய அன்பு எதுவும் உலகத்தைப் பார்க்கும் ஆசையை அடக்கவில்லை என்கிறார். ஜிப்ரால்டர் ஜலசந்திக்கு வந்து சேரும்போது, நானும் தோழர்களும் கிழண்டு தளர்ந்திருந்தோம் என்கிறார். முதுமை அங்கிருந்துதான் வருகிறது. அங்கே ஒரு சின்ன உரை நிகழ்த்துகிறார். கேட்ட மாலுமிகளை அதற்கப்புறம் தடுத்து நிறுத்தவே முடியவில்லையாம். ஐந்து மாதம் போகிறார்கள். தூரத்தில் ஒரு மலை தெரிகிறது. சூறாவளி கப்பலை மூன்று சுற்றுச் சுற்றி, நான்காவதில் மூழ்கடிக்கிறது.

தாந்தே அவரை நரகத்தில் வைத்தது, தவறான யோசனை சொல்லி மற்றவர்களை அழிப்பவர்களின் வட்டத்தில். டென்னிசன் அந்தக் கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார். பாய் காற்றில் புடைக்கிறது, கவிதை முடிகிறது. ஒருவேளை சுழல்கள் நம்மை மூழ்கடிக்கலாம் என்று ஒரு வரி மட்டும் வருகிறது. தாந்தேயைப் படித்தவர்களுக்கு அந்த ‘ஒருவேளை’ வேறு மாதிரி கேட்கும். (ஹோமர் இந்த விஷயத்தில் கருணையானவர். டைரீசியஸ் என்ற ஞானி சொல்கிற குறிப்படி ஒடிசியஸ் இன்னும் ஒரே ஒரு பயணம் போக வேண்டும், அதுவும் கடலுக்கு அல்ல. துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு கடலையே அறியாத ஊர்வரை நடக்க வேண்டும். அதைப் பார்த்து, இது என்ன தானியம் தூற்றும் கருவியா என்று ஒருவன் கேட்கும் இடத்தில் துடுப்பை நட்டு, கடல் தெய்வத்துக்குப் பலி கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அப்புறம் சுகமான முதுமை, மென்மையான சாவு.)

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், ஓய்வு பெற்றவர் பணிக்கொடை, சேமநல நிதி எல்லாவற்றையும் சேர்த்து இறால் பண்ணை போட்டார். வாழ்நாளெல்லாம் குமாஸ்தாவாக இருந்தவருக்கு ஒரு பெரிய காரியம் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை. கூட இரண்டு நண்பர்களையும் இழுத்தார், பேச்சில் கெட்டிக்காரர். ஒரு பருவம் நன்றாகப் போனது. அடுத்த பருவத்தில் நோய் விழுந்து குளம் காலியானது. நண்பர்களின் பணமும் போனது, அவர்கள் வீட்டுப் பெண்கள் இவர் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அவர் ஆசைப்பட்டதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் யாருடைய பணம், யாருடைய உடம்பு, யாருடைய தூக்கம் என்ற கணக்கைத் துறைமுகத்தில் நிற்கும்போதே போட்டிருக்க வேண்டும். ஓய்வூதியம் தவிர்த்த மொத்தத் தொகையில் எவ்வளவு தொலைந்தாலும் வீடு அசையாது என்று முதலிலேயே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். மனைவியும் அந்த முடிவில் இருக்க வேண்டும். மூன்றாவது வரியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

நிறையப் போய்விட்டது, நிறைய இருக்கிறது என்று யுலிசிஸ் கடைசியில் ஒரு கணக்குச் சொல்கிறார். அதை நாங்கள் நிஜமாகவே எழுதிப் பார்த்தோம். நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் போனவை, வலப்பக்கம் இருப்பவை. விதி ஒன்றுதான்: பொதுவாக எழுதக் கூடாது. ‘ஆரோக்கியம்’ என்று எழுதாமல் ‘மாடிப்படி’ என்று எழுத வேண்டும். என் இடப்பக்கத்தில் மாடிப்படி, இரவு வெளிச்சத்தில் சின்ன எழுத்து, கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல். வலப்பக்கத்தில் கவிதை மனப்பாடம், ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்காரும் பொறுமை, மோசமான கையெழுத்தைப் படிக்கும் திறமை. அந்தக் கடைசிதான் எனக்கு வேலை கொடுத்தது. நூலகத்தில் பழைய நன்கொடைப் பதிவேடுகள் கரையான் அரித்துக் கிடந்தன. அவற்றைப் படித்துப் புது நோட்டில் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். டிரைவர் அண்ணனின் வலப்பக்கத்தில் ‘தூக்கம் வராது’ என்று இருந்தது. அது எப்படி இருப்பவை பக்கம் என்று சிஸ்டர் கேட்டார். “ராத்திரி ஆஸ்பத்திரிக்கு அவசரமா யாராவது போகணும்னா நான் முழிச்சிருப்பேன்ல” என்றார். இப்போது எங்கள் தெருக்கள் நாலைந்துக்கு அவர் எண் தெரியும்.

இந்தக் கவிதையின் கடைசி வரி அண்டார்டிகாவில் ஒரு சிலுவையில் இருக்கிறது. தென் துருவம் போய்த் திரும்பும் வழியில் 1912-இல் இறந்த கேப்டன் ஸ்காட்டுக்கும் மற்ற நால்வருக்கும் 1913 ஜனவரியில் அவர்களின் தோழர்கள் அப்சர்வேஷன் குன்றில் அதை நட்டார்கள். அந்த ஐவரில் மூத்தவர் ஸ்காட், அவருக்கு 43. எழுதியவருக்கு 24, யாருக்காகத் துக்கப்பட்டு எழுதினாரோ அவருக்கு 22. கிழவர் கவிதை என்கிறோம், இதைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் நம் பிள்ளைகள் வயது.

டென்னிசன் உண்மையிலேயே கிழவரானபோது எழுதியது வேறு மாதிரி. 1889-இல், 80 வயதில், ஐல் ஆஃப் வைட் தீவில் இருந்த தன் வீட்டுக்குச் சோலன்ட் நீரிணையைக் கடந்து போகும் வழியில் ‘கிராசிங் த பார்’ எழுதினார். பதினாறே வரி. அதிலும் கடல்தான், கிளம்புவதுதான். ஆனால் பசி இல்லை. நான் கடலுக்குப் போகும்போது முகத்துவாரத்து மணல்மேடு முனகாமல் இருக்கட்டும், யாரும் விடைகொடுக்கும்போது அழ வேண்டாம் என்கிறார். தன் கவிதைத் தொகுப்பு எதுவானாலும் அதைக் கடைசியில் வைக்கச் சொன்னார். 1892-இல் இறந்தார்.

இதைப் போல ஒரு மேசை போட நினைப்பவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். கவிதையைப் பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுக் கொடுங்கள். கைப்பேசியில் பார்த்துப் படிக்கச் சொன்னால் வரிகள் உடைந்து போகும். ஆங்கிலம் தெரியாதவர்களை விலக்காதீர்கள், ஒருவர் படிக்க ஒருவர் தமிழில் சொன்னால் போதும். எங்கள் மேசையில் நல்ல கேள்விகள் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வந்தன. பேச்சு கவிதையை விட்டு வெளியே போனால் போகட்டும், இழுத்துக்கொண்டு வராதீர்கள். டீ கடைசியில் வரட்டும். நடுவில் வந்தால் ஆள் கலைந்துவிடும்.

அடுத்து ‘தித்தோனஸ்’ என்று முடிவாகியிருக்கிறது. சிஸ்டர்தான் படிக்கப் போகிறார். டிரைவர் அண்ணனுக்கு அதில் விருப்பமில்லை, கப்பல் இருக்கிற கவிதையாகப் பார்க்கச் சொல்கிறார்.